லீவுக்குள் காய்ப்பவை

என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்த தை மாதத்தில், புறவாசலில் என்ன காய்கறி நடுவது என்று எங்களுக்குள் ஒரு சண்டை தொடங்கியது. சண்டை என்று சொல்கிறேனே தவிர, சத்தம் போட்டது நான் ஒருத்திதான். அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதையும் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுவார். அந்த ஒன்றுக்காகக் காத்து நிற்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

கருங்கல் ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றி ஒரு துண்டு நிலம். தென்னை உண்டு, இரண்டு மூடு மட்டி வாழை உண்டு, மீன்கறியில் புளிக்குப் பதிலாகப் போடுகிற புளிச்சிக்காய் மரம் ஒன்று உண்டு. மீதி இடம் காய்கறிக்கு. அங்கே எது வரவேண்டும், எது வரக்கூடாது என்பதை இத்தனை வருடமும் நான்தான் தீர்மானித்து வந்தேன். கேட்கவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை.

அவர் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். கல்யாணம் முடிந்த சூட்டோடு போனவர், தலை முழுக்க நரைத்த பிறகுதான் விட்டு வந்தார். நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு, ஒன்றரை மாதம். மகள் நடந்ததும், பள்ளிக்கூடம் போனதும், அம்மை போட்டுக் கிடந்ததும் எல்லாம் அவர் ஃபோனில் கேட்டவைதான். அவள் கல்யாணத் தேதியைக்கூட லீவுக்குத் தக்கபடி பார்த்துத்தான் வைத்தோம். இப்போது அவள் புருஷனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

லீவில் வந்தால் மறுநாள் காலையிலேயே மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். சீரை விதைப்பார், வெண்டை போடுவார். கீரையை நாங்கள் சீரை என்றுதான் சொல்லுவோம். திரும்பிப் போவதற்குள் தன் கையால் நட்டதைத் தான் தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சீரை கிடைத்துவிடும். வெண்டை சில தடவை ஏமாற்றிவிடும். அவர் கிளம்புகிற அன்று பூ நிற்கும், போய்ச் சேர்ந்த பிறகு காய்க்கும். "வெண்டை காய்ச்சிருக்கு" என்று நான் ஃபோனில் சொல்லுவேன். "நெறையவா?" என்பார். "நெறையத்தான்" என்பேன்.

இந்தத் தடவை லீவு இல்லை, முடித்துக்கொண்டு வந்தாயிற்று. ஆனால் எப்படி வீட்டில் இருப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. உப்பு எங்கே என்று கேட்டார். தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். குளிக்கப் போகும்போது "இந்தத் துவர்த்தை எடுக்கட்டா?" என்று கேட்டார். சொந்த வீட்டில் தலை துவட்டுகிற துவர்த்தை எடுக்க ஒருவர் அனுமதி கேட்டால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எல்லாம் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். "எடுங்களேன், யாரு வேண்டாம்னா?" என்று வெடுக்கென்று சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவர் கேட்பதையும் குறைத்துக்கொண்டார். முன்பக்கம் நாற்காலியைப் போட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்த விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் சாயா குடிக்கும்போது தொண்டையைச் செருமினார்.

"புறவாசல்ல கொஞ்சம் காய்கறி போடட்டா?"

"நான் போட்டுட்டுத்தான இருக்கேன்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகப் போயிற்று. "கெணத்துக்குக் கெழக்க உள்ளது ஒங்களுக்கு. என்ன வேணும்னாலும் நடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மாசி பிறந்ததும் விதை வாங்க இரண்டு பேரும் கருங்கல் சந்தைக்குப் போனோம். அத்தனை வருடக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து விதை வாங்கப் போனது அதுதான் முதல் தடவை. நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விதை விற்கிற பெண் எனக்குப் பழக்கம். சிறு சிறு கவரில் விதைகளைப் பரப்பி வைத்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்.

"இது எப்ப காய்க்கும்?"

"வெண்டையா? ஒன்றர மாசத்துல பறிக்கலாம்."

"குடுங்க. இது?"

"வெள்ளரி. அதுவும் அந்தக் கணக்குத்தான்."

"குடுங்க. சீரை ஒரு கவர் குடுங்க."

"ஒரு முருங்கக் கம்பு கொண்டு போங்க அண்ணா. ஒரு வருசத்துக்குள்ள காய்ச்சிரும். பெறகு ஆயுசுக்கும் கெடக்கும்."

"அது வேண்டாம்" என்று அவர் சட்டென்று சொன்னார்.

பக்கத்தில் சேனைக்கிழங்கு குவித்துப் போட்டிருந்தார்கள். மாசியில்தான் சேனை நடுவது. நட்டால் கார்த்திகையில், மார்கழியில் வெட்டி எடுக்கலாம். நல்ல பெரிய முளை உள்ளதாக ஒன்றை நான் கையில் எடுத்தேன்.

"அது வேண்டாம்ட்டி" என்றார் அவர். "அது ஒரு வருசம் எடுக்கும்லா."

சேனையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் வாங்கியிருந்த கவர்களைப் பார்த்தேன். சீரை, வெண்டை, வெள்ளரி. ஒன்றுகூட ஒன்றரை மாதத்துக்கு மேலே போகாது. இந்த மனுஷன் லீவில் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விட்டு வந்தாயிற்று, இனிப் போக மாட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னது வெறும் பேச்சு. மனதுக்குள் போகிற தேதி இருக்கிறது. சேனையைக் குவியலில் வைத்துவிட்டு, வீடு வந்து சேரும் வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் வருவதைப் பார்த்து அவர் இரண்டு தடவை "தலவலியா?" என்று கேட்டார்.

அந்த வாரமே ஃபோன் வந்தது. அவருடைய பழைய மேலதிகாரி, மலையாளி. இவர் ஃபோனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அடுக்களை ஜன்னலுக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? "ஆலோசிச்சு பறயாம் சாரே" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

ஒளிக்கிற ஆள் இல்லை அவர். சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

"கம்பெனியில கூப்பிடுதாங்க. ஸ்டோருக்கு சரியான ஆளு இல்லியாம். ஒரு ரெண்டு வருசம் வந்து நில்லுன்னு சொல்லுதாங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

"யோசிச்சு சொல்லுதேன்னேன்." செருமினார். "நீ என்ன சொல்லுத?"

"நான் என்ன சொல்ல? ஒங்க இஷ்டம்."

இந்த இடத்தை நான் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆளை அனுப்புகிற பெண்களுக்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். வண்டி முக்குத் திரும்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். போகிற ஆளிடம் போகாதே என்று சொல்லக் கூடாது. சொன்னால் அங்கே போய் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது, வேலையில் கை ஓடாது. அழுவதானால் வண்டி திரும்பிய பிறகு அழலாம். நான் அந்த முறையில் கெட்டிக்காரி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மற்ற பெண்கள் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழும்போது, நான் "அந்தப் பெட்டிய நேரா பிடிங்க, கயிறு அவிழுது" என்று அவரை ஏசிக்கொண்டு நிற்பேன். ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் ஏசியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வாய் நீளுகிற எனக்கு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வராமலே பழகிவிட்டது.

எனவே 'ஒங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் மீன்கறியை ஊற்றினேன். மறுநாள் வழக்கம்போல என் வேலையைப் பார்த்தேன். மாசியில் என் வேலை வற்றல் போடுவது. என் பாதி நிலத்தில் பாவைக்காயும் சீனியவரைக்காயும், அதாவது வெளியூர்க்காரர்கள் சொல்லுகிற பாகலும் கொத்தவரையும், நன்றாகக் காய்த்திருந்தன. பறித்து, நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, பாவைக்காயை மட்டும் மோரில் ஊறப்போட்டு, மாடியில் பாய் விரித்துக் காயவைத்தேன். மிளகாயையும் மோரில் போட்டு ஒரு முறத்தில் பரப்பினேன். இது எல்லா வருடமும் நடக்கிறது. கையே செய்துவிடும், மனது அங்கே தேவையில்லை.

அவர் துணி உலர்த்த மாடிக்கு வந்தார். பாயைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். ஈர வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வற்றல் போட்டாச்சா?" என்றார்.

"வெயில் நல்லா அடிக்குல்லா" என்றேன்.

அவர் வேட்டியை விரித்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு பேச்சு இன்னும் குறைந்தது. காலையில் தன் வெண்டைக்குத் தண்ணீர் விடுவார், முன்பக்கம் போய் உட்காருவார். யோசிக்கிறார், போகத்தான் போகிறார், என்னிடம் எப்படிச் சொல்வது என்று பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். இரண்டு நாள் அப்படி ஓடியது. பிறகு மகள் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே என்னைப் போல் பேசுகிறவள்.

"அம்மா, அப்பா இருக்கது ஒனக்கு சங்கடமா இருக்கா?"

"என்னட்டி பேசுத?"

"அப்பா நேத்து என்கிட்ட பேசுனாங்க. குரலே சரியில்ல. என்னன்னு கேட்டா, அம்ம வற்றல் போட்டாச்சு, பெட்டி கட்ட தயாராயிட்டான்னு சொல்லுதாங்க."

ஃபோனை வைத்துவிட்டு நான் மாடிக்குப் போனேன். பாயில் காய்ந்து கிடந்ததை நின்று பார்த்தேன்.

பாவைக்காய் வற்றல், சீனியவரை வற்றல், மோர் மிளகாய். எல்லாம் பெட்டிக்குப் போகிற சாமான். ஒவ்வொரு லீவு முடிவிலும் நான் கட்டிக் கொடுத்து அனுப்புகிற அட்டைப்பெட்டிக்கு. லீவு இல்லாத வருடத்தில் யாராவது போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவதற்கு. அங்கே இருந்தே கீழே என் நிலத்தைப் பார்த்தேன். பாவைப் பந்தல், சீனியவரைப் பாத்தி, மிளகாய்ச் செடி. கெட்டுப்போகாமல் கடல் தாண்டுகிறது எதுவோ அதைத்தான் நான் இத்தனை வருடமும் நட்டு வந்திருக்கிறேன். இந்த வருடமும், ஆள் தை மாதம் வந்து இறங்கப் போகிறார், இனிப் போவதில்லை என்று தெரிந்த பிறகும், கார்த்திகையில் போய் அதே விதையைத்தான் ஊன்றியிருக்கிறேன். கடையிலிருந்து வாங்கி வைத்த காலி அட்டைப்பெட்டி அடுக்களையில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற மூலையில் நிற்கிறது. அதையும் அவர் பார்த்திருப்பார்.

எனக்கு வந்ததே கோபம், அவர் மேல். தப்பு என் பக்கமும் இருக்கிறது என்று தெரியும்போது எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். நேரே கிணற்றடிக்குப் போனேன். அவர் வெண்டைப் பாத்தியில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கள யாரு போகச் சொன்னா?"

நிமிர்ந்து பார்த்தார். "நீதான வற்றல் போட்டிருக்க."

"மாசியில வற்றல் போடாம ஆடி மழையிலயா போடுவாங்க? நீங்க எதுக்கு வெண்டையும் சீரையுமா நட்டு வச்சிருக்கிய? ஒரு முருங்கக் கம்ப ஊணக் கை வரலியே ஒங்களுக்கு. சேனையத் தொட்டதும் வேண்டாம்னு சொல்லுதிய. ஒரு வருசம் எடுக்கும்லான்னு சொல்லுதிய. ஒரு வருசம் எடுத்தா என்ன? ஒங்களுக்கு எங்க போகணும்?"

அவர் கையில் இருந்த களையை ஓரமாகப் போட்டார். இந்தத் தடவை செருமவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் நடத் தெரியாதுட்டி" என்றார். "எனக்கு இது மட்டும்தான் தெரியும். சேனை மொளச்சு நிக்கத நான் பாத்ததே இல்ல. நான் லீவுல வரும்போ ஊர்ல ஒண்ணு அது மண்ணுக்குள்ள கெடக்கும், இல்லன்னா கறிக்குள்ள கெடக்கும்."

நான் ஏசிக்கொண்டு வந்த வேகத்தில் அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தேதி எதையும் மனதில் வைத்திருக்கவில்லை. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஒரு செடி என்ன செய்யும் என்று அந்த மனுஷனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பட்டப்பகலில், பக்கத்து வீட்டு மாடியில் ஆள் நிற்கும்போது எப்படிப் பிடிப்பது? "சட்டைய மாத்துங்க. கருங்கலுக்குப் போவோம்" என்றேன்.

போகாதிய என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சேனை வாங்குவதே சொன்ன மாதிரிதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சேனையை முளை ஒவ்வொரு துண்டிலும் வருகிற மாதிரி நான் வெட்டிக் கொடுத்தேன். சாணியைக் கரைத்து அதில் முக்கி நிழலில் காயவைத்தேன். அவர் குழி எடுத்தார். சருகு போட்டு, சாம்பல் போட்டு, துண்டை வைத்து மூடினோம். என் பாதி, அவர் பாதி என்று இல்லாமல் கிணற்றைச் சுற்றி வரிசையாகவே வைத்தோம். ஒரு முருங்கைக் கம்பையும் மூலையில் ஊன்றினார்.

அதன் பிறகு தினமும் காலையில் போய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "மழை விழணும், இப்ப வராது" என்று நான் சொன்னாலும் நிற்பார். சித்திரையில் முதல் மழை பெய்து ஒரு வாரம் கழிந்திருக்கும். "ஏட்டி, இஞ்ச வா" என்று ஒரு சத்தம் கேட்டது. நான் பாம்பு என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவர் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்றே எனக்குத் தெரியாது. சேனை முளைத்திருந்தது. தண்டில் புள்ளி புள்ளியாக, நுனி கூம்பி, விரல் உயரம் நின்றது. அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "இப்படியா வரும்?" என்றார். "இப்படித்தான் வரும்" என்றேன். கம்பைக் கீழே போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெண்டையும் வெள்ளரியும் காய்த்து ஓய்ந்தன. ஆடிச் சாரலில், காற்றாலைகள் சுற்றுகிற ஆரல்வாய்மொழி அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் பக்கமும் காற்று அடித்தது. குடை விரித்த மாதிரி நின்ற சேனையில் ஒன்று சாய்ந்தது. அவர் கம்பு நட்டு ஒரு துவர்த்தைக் கிழித்துக் கட்டினார். துவர்த்தை எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. நல்ல துவர்த்து அது, நான் ஏசினேன். மழைக்குள் கஞ்சி வைத்து, அந்த வற்றலைப் பொரித்துத் தின்று தீர்த்தோம். "வெளியில மழை பெய்யும்போ இதத் தின்னது இல்ல" என்றார்.

அந்த மழையில்தான் மலையாளி மேலதிகாரி மறுபடியும் கூப்பிட்டார். இவர் வாசல்படியில் நின்றே பேசினார்.

"சேன நட்டிருக்கேன் சாரே. அது எடுத்துட்டு பறயாம்."

அந்தப் பக்கம் அவர் 'சேனயோ?' என்று சிரித்தது எனக்கே கேட்டது. இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'எடுத்துவிட்டுச் சொல்கிறேன்' என்பது எனக்குள் ஒரு முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அப்படியென்றால் சேனை மண்ணுக்குள் இருக்கும் வரைக்கும் இவர் இங்கே. வெளியே வந்த பிறகு?

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் இலை மஞ்சளித்தது. தண்டு ஒவ்வொன்றாக மடங்கி விழுந்தது. சேனை வெட்டலாம் என்பதற்கு அதுதான் அடையாளம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"எடுப்பமா?" என்று கேட்டார்.

"மண்ணு ஈரமா கெடக்கு. காயட்டு."

பிறகு ஒருநாள் கேட்டார். "இன்னும் முத்தணும்" என்றேன். இன்னொரு நாள், "மக கிறிஸ்மசுக்கு வரட்டு" என்றேன். சேனை நடச் சொல்லி ஊரைக் கூட்டினவள், அதை எடுக்க விடாமல் சாக்குச் சொல்லிக்கொண்டு அலைந்தேன். தண்டு விழுந்த இடமே தெரியாமல் மண் மூடிக்கொண்டு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. முறையை மீறிச் சொன்னால் போகிற ஆளுக்கு இறங்காது என்பார்கள். சொல்லாமல் இருந்து எனக்கு இறங்காமல் போனதைப் பற்றி இத்தனை வருடமும் யாரும் கேட்டதில்லை.

மார்கழி தொடங்கியதும் ஒரு காலையில் அவர் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏட்டி, இனியும் விட்டா எலி கொண்டு போகும்."

"கொண்டு போகட்டு."

"எதுக்கு இப்படிச் சொல்லுத?"

"எடுத்தா நீங்க போயிருவியள்லா."

அவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"போகாதிய. எனக்கு நீங்க இங்க வேணும். உப்பு எங்கன்னு கேட்டுட்டாவது இங்கயே கெடங்க. போகாதிய."

அவர் கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

"இத நீ ஒரு தடவகூட சொன்னதில்லயேட்டி" என்றார். "ஒரு தடவகூட. எல்லாவன் பொண்டாட்டியும் அழுவா, நீ பெட்டியப் பாரு கயித்தப் பாருன்னு நிப்ப. ஒனக்கு நான் இல்லாட்டாலும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"சொல்லக்கூடாதுன்னுல்லா இருந்தேன். சொன்னா போகாம இருந்திருப்பியளா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"போயிருப்பேன்" என்றார். "ஆனா கேட்டுட்டுப் போயிருப்பேன்லா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடப்பாரையை எடுத்துவர உள்ளே போனேன்.

ஒவ்வொரு குழியாக எடுத்தோம். மண்ணோடு கனத்து வந்தது சேனை. கடைசிக் குழியில் கிடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதை இரண்டு கையாலும் தூக்கி, மண்ணைத் தட்டி, முளை இருக்கிற பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது கறிக்கு இல்ல. அடுத்த மாசிக்கு விதைக்கு."

"பெரிச யாராவது விதைக்கு வைப்பாங்களா? சின்னத வைங்க."

"இதுதான்" என்றார். அவர் என்னிடம் அப்படி அடித்துப் பேசி நான் கேட்டதில்லை. "எங்க வைக்க?"

"ஒங்க இஷ்டம்" என்றேன். இந்தத் தடவை சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சேனையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அரிசி வாளிக்குப் பக்கத்து மூலையில் அந்தக் காலி அட்டைப்பெட்டி அப்படியே நின்றது. அதை எடுத்து, நாலு பக்கமும் கிழித்து, தரையில் விரித்து, அதன்மேல் சேனையை முளை மேலே இருக்கும்படி வைத்தார்.